வால்பேப்பரை உரிக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

மேற்கே மார்த்தாண்டம், செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுச் சித்தூர். வடக்கே திருத்தணி, நகரி. இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் எல்லையோர ஊர்களிலிருந்து. எல்லாவற்றிலும் ஒரே கவலை: முன்பு ஆசையாக ஒட்டிய வால்பேப்பரை இப்போது எப்படி எடுப்பது? தாள் ஒன்றுதான் என்றாலும் அது ஒட்டியிருக்கும் சுவர் ஊருக்கு ஊர் வேறு. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தச் சுவரை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

ஹாலில் டிவி வைத்திருக்கும் சுவருக்கு ஒன்பது வருடத்துக்கு முன் வால்பேப்பர் ஒட்டினோம். பன்னிரண்டு அடி அகலம், பத்தடி உயரம். போன சாரலில் ஓரமெல்லாம் எழும்பிவிட்டது. பெயின்டர் பார்த்துவிட்டு, "மொத்தப் பட்டியையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசா பட்டி பார்க்கணும்மா" என்கிறார். நாங்களே உரித்தால் சுவர் கெட்டுவிடுமா ஐயா?
– வாசகி, செங்கோட்டை

கொத்துவதற்கு அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: என்ன தாள், சுவரைச் சமமாக்க அடியில் பூசிய பட்டி என்ன வகை.

எழும்பியிருக்கும் ஓரத்தை நகத்தால் கிள்ளி மெதுவாக இழுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தோல் தனியாக வந்து, சுவரில் மெல்லிய வெள்ளைத்தாள் தங்கினால் அது வினைல் வகை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒட்டியதென்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முழுத் தாளும் துணி போல ஒரே துண்டாக வந்தால் நெய்யாத நார்த்தாள். உங்கள் வேலை பாதியாகிவிட்டது. இரண்டும் இல்லாமல், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்ததும் உறிஞ்சிக்கொண்டால் வெறும் காகிதம்.

அடுத்து, சோபாவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தாளை முழுவதும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஈர ஸ்பாஞ்சால் நனைத்து ஐந்து நிமிடம் விட்டு நகத்தால் கீறுங்கள். கீறலே விழவில்லை என்றால் வெள்ளை சிமென்ட் பட்டி. எவ்வளவு நனைத்தாலும் தாங்கும். மாவு பிசைந்ததுபோல் குழைந்து நகத்தில் ஒட்டினால் அக்ரிலிக் பட்டி அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீரை அளந்துதான் ஊற்ற வேண்டும். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் டிஸ்டெம்பர் மேலேயோ சுண்ணாம்பு மேலேயோ ஒட்டியிருக்கிறார்கள்.

வேலைக்கு முன் அந்த அறையின் எம்சிபியை இறக்கி, டெஸ்டரால் பார்த்துவிட்டு, சுவிட்ச் போர்டு மூடிகளைக் கழற்றி, உள்ளே தண்ணீர் போகாமல் பாலித்தீனும் டேப்பும் போட்டு மூடுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய போர்வை அல்லது சாக்கு. பிளாஸ்டிக் மட்டும் போட்டால் நனைந்த பசை விழுந்து எண்ணெய் போல வழுக்கும். ஏணியில் ஏறி இறங்குகிறவருக்கு ஆபத்து.

முதலில் வினைல் தோலைத் தண்ணீரே இல்லாமல் உரியுங்கள். கீழ் மூலையில் பட்டி பிளேடால் கிளப்பிப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி இழுக்க வேண்டும். இழுக்கும் விதம் முக்கியம். தாளை உங்களை நோக்கி வெளியே இழுத்தால் பட்டியும் சேர்ந்து பெயரும். தாளைத் தன் மேலேயே மடித்து, சுவரை ஒட்டினாற்போல் இழுத்தால் தோல் மட்டும் வரும். நம் ஊரில் விற்கும் ரோல் பெரும்பாலும் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். உங்கள் சுவரில் ஆறேழு பட்டைகள் இருக்கும். இணைப்புக் கோடு தெரிகிற இடத்திலிருந்து பட்டை பட்டையாக எடுங்கள்.

தோல் போன பிறகு நிற்கும் வெள்ளைத்தாளுக்குத்தான் தண்ணீர். கை பொறுக்கும் சூட்டில் பத்து லிட்டர் வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். சோப்பு பசையைக் கரைப்பதில்லை. தண்ணீர் முத்து முத்தாக ஓடிவிடாமல் தாளுக்குள் இறங்க உதவுகிறது, அவ்வளவுதான். பசையைக் கரைப்பது சூடும் நேரமும். மூன்றடி அகலத்துக்கு மட்டும், மேலிருந்து கீழாக ஸ்பிரேயரில் அடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, இன்னும் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. கால் மணி நேரத்தில் தாள் நிறம் மங்கிச் சுருங்கி நிற்கும். விரலால் தள்ளினாலே நகர்ந்தால் சுரண்டலாம். நகரவில்லை என்றால் சுரண்டாதீர்கள், மறுபடி நனையுங்கள். சுவர் பாழாவது பொறுமை போன அந்த ஒரு நிமிடத்தில்தான்.

பலரும் செய்யும் தவறு, ஆர்வத்தில் சுவர் முழுவதையும் ஒரேயடியாக நனைத்துவிடுவது. ஒரு ஓரத்தில் சுரண்டி மறு ஓரத்துக்கு வருவதற்குள் அங்கே காய்ந்துவிடும். கரைந்து மறுபடி காய்ந்த பசை முன்பைவிடக் கெட்டியாகப் பிடிக்கும்.

அக்ரிலிக் பட்டியாக இருந்தால் இதையே இரண்டடிக்கு இரண்டடி சதுரமாகச் செய்யுங்கள். நனைத்து ஐந்தாறு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் பட்டியும் கூழாகித் தாளோடு வந்துவிடும்.

நான்கு அங்குலப் பட்டி பிளேடு போதும். புதிது என்றால் இரண்டு மூலைகளையும் அரத்தால் தேய்த்து உருட்டிவிடுங்கள். கூரான மூலைதான் சுவரில் பள்ளம் தோண்டும். பிளேடைப் படுத்தாற்போல் பிடித்துத் தள்ள வேண்டும், நிமிர்த்திக் குத்தக் கூடாது.

தாள் போனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் பசை இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது கையால் தடவுங்கள். வழுவழுவென்று இருந்தால் பசை. வெந்நீரில் ஸ்பாஞ்சை முக்கி இரண்டு முறை, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை கழுவ வேண்டும். வாளித் தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் துடைப்பது பசையை இங்கிருந்து எடுத்து அங்கே பூசுவதுதான்.

பிறகு காய விடுங்கள். பங்குனி வெயிலில் மூன்று நான்கு நாள். சாரல் காலத்தில் மின்விசிறி போட்டாலும் பத்து நாள்கூட ஆகலாம். ஆகவே செங்கோட்டையில் இருப்பவர்கள் இந்த வேலையை ஆனிக்கும் ஆடிக்கும் வைத்துக்கொள்ளாமல் மாசி, பங்குனியில் செய்வது நல்லது.

காய்ந்த சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றொலி வரும் இடங்களை மட்டும் சுரண்டி எடுத்து, சிமென்ட் பட்டி வைத்து அடைக்கலாம். ஒரு கிலோ பட்டிக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். காய்ந்ததும் 150 எண் உப்புத்தாள், பிறகு 220. பிரைமர் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். உங்கள் சுவர் 120 சதுர அடி, ஒன்றரை லிட்டர் வாங்குங்கள்.

உங்கள் பெயின்டர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். தட்டும்போது பாதிச் சுவருக்கு மேல் வெற்றொலி வந்தால் பட்டியின் பிடிமானமே போய்விட்டது என்று பொருள். அப்போது முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பட்டி பார்ப்பதுதான் முறை. இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ 10 முதல் 15 சதுர அடி வரும் என்பதால் எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோ ஆகும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது தாளை உரித்த பிறகு.

பிள்ளைகள் அறையில் பின்னால் பசை உள்ள ஸ்டிக்கர் ரோல் ஒட்டியிருந்தோம். உரிக்கும்போது பெயின்டும் பட்டியும் அடை அடையாகக் கூடவே வருகிறது. தண்ணீர் தெளித்தும் பயனில்லை. என்ன செய்வது?
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஒட்டியிருப்பது வால்பேப்பர் இல்லை, ஒட்டுப்பசை தடவிய பிவிசி தாள். தண்ணீர் அந்தப் பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே போகாது. போனாலும் அந்தப் பசை தண்ணீரில் கரைகிற வகை இல்லை. ஓரத்தில் இறங்குகிற தண்ணீர் பட்டியை மட்டும்தான் ஊறவைக்கும்.

இதற்கு வெப்பம்தான் மருந்து. தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் அடி நீளத்துக்கு அரை நிமிடம் காட்டுங்கள். தொட்டால் நல்ல சூடாக இருக்க வேண்டும்; பிளாஸ்டிக் சுருங்கி நெளியக் கூடாது. சூட்டில் பசை இளகும். உடனே, மடித்து, சுவரை ஒட்டி, மெதுவாக இழுங்கள். மெதுவாக என்றால் ஒரு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு. இந்த வகைப் பசைக்கு ஒரு குணம் உண்டு: வெடுக்கென்று இழுத்தால் இறுகிப் பிடித்துப் பெயின்ட்டைப் பிய்க்கும், நிதானமாக இழுத்தால் ஜவ்வுபோல் நீண்டு விடும். ஒரு ஆள் டிரையர் பிடிக்க, ஒரு ஆள் உரிக்க என்று இரண்டு பேர் செய்வது எளிது.

இவ்வளவு செய்தும் பெயின்ட் வருகிறதென்றால் குறை ஸ்டிக்கரில் இல்லை. பட்டி தேய்த்த தூசியைத் துடைக்காமலோ பிரைமர் அடிக்காமலோ பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தப் பெயின்ட் எப்போதுமே பலவீனமாகத்தான் நின்றிருக்கிறது. பெயர்ந்த ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, பள்ளத்தை இரண்டு மெல்லிய கோட்டாக அடையுங்கள். ஒரே கனத்த கோட்டாக அடைத்தால் காயும்போது வெடிக்கும்.

சுவரில் தங்கிய பசைக்கு: விரலால் உருட்டி வருவதை உருட்டி எடுங்கள். மீதியை டர்பன்டைன் நனைத்த துணியால் ஒரு அடி ஒரு அடியாகத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அறை ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கொசுவத்தி, விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். பிள்ளைகள் அன்றிரவு வேறு அறையில் படுக்கட்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், பசை போகும், ஆனால் எண்ணெய்க் கறை தங்கி மேலே அடிக்கும் பெயின்ட்டைப் பிடிக்க விடாது. பசையை உப்புத்தாளால் தேய்க்கவும் முயலாதீர்கள். தாள்தான் அடைத்துப் போகும்.

எவ்வளவு துடைத்தும் ஒட்டு ஒட்டென்று கொஞ்சம் இருந்தால் அதன் மேல் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து மூடிவிடலாம். தண்ணீர் பிரைமர் அடித்தால் அந்த இடங்கள் மட்டும் மீன்கண் போலக் குழிந்து தெரியும்.

வால்பேப்பர் மேலேயே பெயின்ட் அடித்துவிடலாமா? உரிக்கும் வேலை மிச்சம் என்கிறார்கள்.
– வாசகர், கம்பம்

வேண்டாம். எமல்ஷனில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது தாளுக்குள் இறங்கிப் பழைய பசையை இளக்கும். மறுநாள் காலை சுவர் முழுவதும் குமிழ் குமிழாக நிற்கும். வினைல் மேலோ பெயின்ட் சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. அதற்குப் பிறகு உரிக்க நினைத்தால் தண்ணீர் உள்ளே போகவும் வழி இருக்காது, வேலை இரண்டு மடங்கு.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஜிப்சம் போர்டுத் தடுப்பு. அதன் மேல்தோல் காகிதம். நேராக அதன் மேல் வால்பேப்பர் ஒட்டியிருந்தால், உரிக்கும்போது போர்டின் தோலும் கிழியும். தாள் எங்கும் எழும்பாமல் கெட்டியாக இருந்தால் மட்டும், இணைப்புகளைத் தேய்த்து, ஆயில் பிரைமர் அடித்து மூடி, பிறகு பெயின்ட் அடிக்கலாம்.

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர். வால்பேப்பரை உரித்தபோது பின்னால் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கீழே இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து மாவு மாவாக உதிர்கிறது. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அறைக்குள் மண்வாடை தாங்க முடியவில்லை. பூஞ்சணம் வராத வால்பேப்பர் என்று ஒன்று கடையில் காட்டுகிறார்கள், ஒட்டலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

ஒட்டாதீர்கள் அம்மா. இந்தச் சுவரில் ஓதத்தை, அதாவது சுவருக்குள் இறங்கும் ஈரத்தை, நிறுத்தும்வரை எந்தத் தாளும் ஒட்டக் கூடாது.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறோம். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் தண்ணீரை உறிஞ்சும். சுவருக்குள் வந்த ஈரம் அறைப் பக்கமாக ஆவியாகி வெளியேறினால் பெரிய தொல்லை இல்லை. வினைல் தாள் அந்த வழியை அடைத்துவிட்டது. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம், இருட்டு, சாப்பிடுவதற்கு மாவுப்பசையும் காகிதமும்: பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? உப்புப் பூத்தல் இன்னொரு அடையாளம். ஈரம் சுவரிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்து, ஆவியாகும் இடத்தில் விட்டுப் போகிறது. அந்த உப்பு கட்டியாக வளரும்போது பூச்சை உள்ளிருந்தே நெம்பிப் பொரியவைக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து ஒரே மட்டமாக இரண்டு மூன்றடி ஏறியிருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஓதம். குளியலறைக் குழாய்க்கு நேர்ப் பின்புறம் மட்டும் திட்டாக இருந்தால் சுவருக்குள் போன குழாயின் இணைப்புக் கசிவு. எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு இரவு முழுவதும் தண்ணீர் மீட்டரையோ தொட்டி மட்டத்தையோ கவனித்தால் தெரியும். குளிக்கும் இடத்து டைல்ஸ் இடுக்குச் சாந்து உதிர்ந்திருந்தால் குளிக்கிற தண்ணீரே ஒவ்வொரு நாளும் உள்ளே இறங்கும். உங்கள் கடிதத்தில் சொன்ன உயரத்தைப் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. வெளிப்பக்க மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு மேல் குவிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முற்றத்தை உயர்த்தி டைல்ஸ் போடும்போது பல வீடுகளில் இது நடந்துவிடுகிறது.

பூஞ்சணத்தைச் சுத்தம் செய்வது தனி வேலை. மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் வீட்டில் செய்யலாம். சுவர் முழுவதும் என்றால், அதுவும் வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருந்தால், வெளியாளை வைத்துச் செய்து அதுவரை அந்த அறையைப் பூட்டிவையுங்கள். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடு முழுவதும் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்ட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். உரித்த தாளை அறைக்குள்ளேயே பைக்குள் கட்டி வெளியே கொண்டுபோங்கள். பிறகு சோப்பால் தேய்த்துக் கழுவி, நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளருக்கு மிகாமல் வீட்டு உபயோகத் திரவ பிளீச் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை கழுவும் ஆசிட்டையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

பொரிந்த பூச்சை ஈரத்தின் எல்லைக்கு மேலும் ஓர் அடி வரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பைத் தண்ணீரால் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தள்ளி எடுத்து வாரி வெளியே போடுங்கள். கசிவை அடைத்த பிறகு செங்கல் வெளியே தெரிய ஒரு கோடை முழுவதும் காயட்டும். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

நகரியில் தாத்தா காலத்து வீடு. கருங்கல்லும் செங்கல்லும் சேர்த்துக் கட்டி, சுண்ணாம்புப் பூச்சு. முன்னறையில் யாரோ மைதாப் பசையால் பூப்போட்ட தாளும் அதன் மேல் பழைய காலண்டர் படங்களும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் போட்டால் சுவரே கரைகிறது. இணையத்தில் வினிகர் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், நகரி

வினிகரை மட்டும் இந்தச் சுவரில் வைக்காதீர்கள். வினிகர் அமிலம், சுண்ணாம்பு காரம். கெட்டிப்பட்ட சுண்ணாம்பையும் அமிலம் நுரைத்துக் கரைக்கும். இணையத்தில் சிமென்ட் பட்டி வீடுகளுக்குச் சொல்லும் அந்த யோசனையை இங்கே எடுத்துக்கொண்டால் நல்ல பூச்சு வீணாகும். இப்படிப்பட்ட பூச்சு போடத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவரும் காலத்தில், இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

நல்ல செய்தி, மைதாப் பசையை இளக்க வெறும் வெந்நீரின் ஈரம் போதும். ஓட ஓட ஊற்ற வேண்டியதில்லை. ஸ்பிரேயரைத் தூக்கி வைத்துவிடுங்கள். பழைய வேட்டித் துணியை வெந்நீரில் முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, தாள் மேல் விரித்துக் கையால் அழுத்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஈரம் தாளுக்குள்ளேயே நிற்கும், பூச்சுக்கு அதிகம் போகாது. மேலடுக்குக் காலண்டர் தாளை மட்டும் முதலில் எடுங்கள். அடுத்த அடுக்குக்கு மறுபடி துணி. காலண்டர் தாள் சில பளபளப்பானவை, ஈரம் இறங்காது. அவற்றை மட்டும் முரட்டு உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டுத் துணியைப் போடுங்கள். இரும்புப் பிளேடைவிட, முனை மழுங்கிய மரக் கரண்டியோ மூங்கில் சிம்போ பூச்சைக் காயப்படுத்தாது.

கடைசி அடுக்கில் சுண்ணாம்பின் வெள்ளைத்தோல் தாளோடு வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சேர்ந்த அந்தத் தோல் போகலாம். அடியிலுள்ள பூச்சு நின்றால் சரி. கையால் தள்ளினால் பூச்சு உள்ளே வெளியே அசையும் இடங்களில் தாளை இழுக்காமல் சுற்றிலும் வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வந்த பிறகு எடுக்கலாம்.

பசையைத் துடைக்கும்போதும் பிழிந்த துணிதான். மாவுப்பசை மிஞ்சியிருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து, சுவரில் சின்னப் புள்ளியாக வையுங்கள். கருநீலமாக மாறினால் மாவு இருக்கிறது. பழுப்பாகவே இருந்தால் இல்லை. மாவை விட்டு வைத்தால் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் அதைத் தேடி வரும்.

மேலே எதைப் பூசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: சிமென்ட் பூச்சு, அக்ரிலிக் பட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன் மூன்றும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதை அடைத்தால் மார்த்தாண்டம் வாசகிக்கு நடந்ததுதான் உங்களுக்கும். ஊறவைத்து வடிகட்டிய சுண்ணாம்பை, பால் பதத்தில் கரைத்து, மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். கனமாக அடித்தால் பொருக்காகும்.

முன்னறைக் கீழ்ச்சுவரிலோ கதவு ஜன்னலிலோ பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் அதைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறையவே இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டு, நீர்த் தேய்ப்புக்கான உப்புத்தாளால் தேய்த்து, வழிவதை உடனே துணியால் துடைத்தெடுங்கள்.

வாடகை வீடு. செங்கல் மாதிரி புடைத்திருக்கும் ஃபோம் ஷீட் ஒட்டியிருந்தோம். காலி செய்யப்போகிறோம். உரித்தால் ஃபோம் பாதி சுவரிலேயே நிற்கிறது. சுவர் பழையபடி இருந்தால்தான் அட்வான்ஸ் திரும்ப வரும் என்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, திருத்தணி

ஃபோமின் பலம் பசையின் பலத்தைவிடக் குறைவு, அதனால்தான் நடுவில் பிய்கிறது. ஷீட்டைப் பிடித்து இழுக்காமல், அதற்கும் சுவருக்கும் நடுவில் மீன்பிடி நரம்பையோ பல் சுத்தம் செய்யும் நூலையோ கொடுத்து, இரண்டு கையாலும் அறுப்பதுபோல் இழுத்து இறக்குங்கள். டிரையரால் சூடுகாட்டிக்கொண்டே செய்தால் இன்னும் சுலபம். திருத்தணி வெயில் இதற்கு உதவும். மேற்குச் சுவர் என்றால் மாலை நான்கு மணிக்கு அதுவே இளகியிருக்கும். தங்கிய பசைக்குச் சித்தூர் வாசகருக்குச் சொன்ன முறைதான்.

ஷீட் மறைத்திருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் மங்கியிருக்கும். திட்டு திட்டாகத் தொட்டு அடித்தால் அது எப்போதும் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுங்கள். பழைய பெயின்ட்டின் நிற எண்ணை வீட்டுக்காரரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால் உரிந்து வந்த பெயின்ட் தோலில் நகம் அளவு ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

தாளை உரித்து, பட்டி பார்த்து, பெயின்ட்டும் அடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பெயின்ட் ஆங்காங்கே மெல்லிய வெடிப்பு விட்டு உரிகிறது. பெயின்ட் போலியா?
– வாசகர், குமுளி

பெயின்ட்டைக் குறை சொல்வதற்கு முன் உரிந்த தோலின் பின்பக்கத்தை நாக்குப்படாமல், விரலில் எச்சில் தொடாமல், வெறும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வழுவழுப்பாக இருந்தால் கழுவாமல் விட்ட வால்பேப்பர் பசைதான் காரணம். பசை ஈரக்காற்றில் உப்பி, காய்ந்ததும் சுருங்கும். குமுளி போன்ற மலையூரில் காலையில் மூடுபனி, மதியம் வெயில் என்று ஒரே நாளில் அது இரண்டும் நடக்கிறது. மேலே உள்ள பெயின்ட் அந்த இழுப்பைத் தாங்காமல் வெடிக்கிறது. வழுவழுப்பு இல்லாமல் பொடியாக வந்தால், காயாத சுவரில் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

பசை என்றால் உரிகிற இடங்களை மட்டும் சரிசெய்து பயனில்லை, அடுத்த மாதம் பக்கத்தில் உரியும். தளர்ந்த பெயின்ட்டையெல்லாம் சுரண்டி எடுத்து, வெந்நீரால் கழுவி, ஒரு வாரம் காயவிட்டு, ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் கழித்து எமல்ஷன் அடியுங்கள். நன்றாகப் பிடித்து நிற்கும் பெயின்ட்டைத் தொட வேண்டாம். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிய: பேக்கிங் டேப்பை ஒரு சாண் நீளம் ஒட்டி, அழுத்தித் தேய்த்து, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் பெயின்ட் வந்தால் அந்த இடமும் எடுக்க வேண்டியதுதான்.